சென்னைக்குப் போன சீப்பு

ஊருக்கெல்லாம் காட்டி முடித்துவிட்டுக் கடைசியாக நம்மிடம் வந்து கதவைச் சாத்தச் சொல்வார்கள்; பேட்டன்ட் எழுதிக் கொடுக்கிற தொழிலின் லட்சணம் இதுதான்.

ஃபாரம் நிரப்பித் தருபவர்கள், மனு எழுதுபவர்கள், பத்திர ஆபீஸ் வாசலில் டைப் அடிப்பவர்கள் எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும். வருகிறவர் பாதியைச் சொல்ல மாட்டார், மீதியைத் தப்பாகச் சொல்வார், கெடு முடிந்த பிறகு வந்து நம்மை முறைப்பார். நீங்களும் பட்டவர்கள் என்பதால் மனம் விட்டுச் சொல்கிறேன். நான் செராமிக் டிப்ளமோ படித்தவள். மிஸ்டு கால் கொடுத்தே ஊர் பேசிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டு பிளானும் மிஷின் டிராயிங்கும் போட்டுக் கொடுத்தேன். நடுவில் சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போய், கண்டுபிடிப்புகளுக்கு பேட்டன்ட் விண்ணப்பம் எழுதவும் கற்றுக்கொண்டு வந்தேன். வந்த கையோடு கடை போர்டில் அதையும் ஒரு வரி சேர்த்தேன். அன்றிலிருந்து காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்ட பிழைப்புதான். தப்பு யாருடையது? போர்டில் எழுதியது நான்தானே.

சாக்குப் பை

அஞ்சலை முதலில் வந்தது ஓர் ஆடி மாதத்தில். கம்மாபுரம் பக்கத்துக்காரி. தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர் செய்கிற ஷெட்டில் வேலை. வீட்டில் கரண்ட் போனால் மெயின் பாக்ஸில் உருவி எடுப்பீர்களே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைதான் பியூஸ் கேரியர். காய்ந்த பீஸைப் பளபளப்புக்காக கிளேஸ் கலவையில் முக்கி எடுக்கும்போது, திருகாணி போகிற ஓட்டைகளையும் கிளேஸ் அடைத்துக்கொள்ளும். அப்படியே சூளைக்குப் போனால் ஓட்டை கல்லாக இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அந்த ஷெட்டில் ஐந்து பெண்களுக்கு இதே வேலை. அந்த ஐந்து பேரில் அஞ்சலை ஒருத்தி.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவள் சாக்குப் பையிலிருந்து எடுத்ததற்கு அவளே வைத்திருந்த பெயர் சீப்பு. ஒரு மரச்சட்டத்தில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளை வரிசையாக அடித்து, ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சைக்கிள் வால்வு டியூபை மாட்டியிருந்தாள். கம்பியை ஓட்டைக்குள் செருகினால் ரப்பர் மெத்தென்று பிடித்துக்கொள்ளும், காய்ந்த பீஸ் விரிசல் விடாது. சீப்போடு சேர்த்து ஒரு முக்கு, ஒரு உதறு, அவ்வளவுதான். உருவி எடுத்தால் ஓட்டைக்குள் ஒரு சொட்டுக்கூட இல்லை. விரல் வலி தாங்காமல் தனக்காக வீட்டில் உட்கார்ந்து செய்துகொண்டதாம்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. நாற்காலியை விட்டு எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பாடம் எடுத்தேன். உலகத்தில் எங்கேயும் வெளியாகாத புதுசாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர் யாரும் போகிறபோக்கில் செய்துவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. தொழிலுக்குப் பயன்பட வேண்டும். எல்லாவற்றையும்விட, விண்ணப்பம் போடுகிற நாள்வரை ஊருக்குக் காட்டக் கூடாது. முழு விவரமும் கைக்கு வராவிட்டாலும் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுத் தேதியைப் பிடித்துவிடலாம், ஒரு வருடத்துக்குள் மீதியை எழுதிக் கொடுத்தால் போதும். இத்தனையும் சொல்லிவிட்டு நானே ஒரு மடத்தனம் செய்தேன். அன்றைக்கே எழுத உட்காராமல், ஒரு லோடு வெந்து வரட்டும், ஓட்டை சுத்தமாக இருக்கிறதா பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன். அதுவரை சீப்பு சாக்குக்குள்ளேயே இருக்கட்டும், மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் மட்டும் வெளியே எடு என்று நாலு தடவை எச்சரித்தேன்.

"ஒளிச்சி வெக்கிறது எனக்குப் புதுசாக்கா? எங்க மாமியாருக்குத் தெரியாம மூணு வருசம் தையலு கத்துக்கிட்டவ நானு" என்றாள்.

நல்லூர்க்காரரின் பார்

சின்ன ஷெட்டுகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் முறை வைத்துத்தான் வேகவைக்க வேண்டும். அஞ்சலையின் ஷெட்டுக்கு முறை வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு எவனாவது இதே யோசனையோடு சென்னைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருப்பானோ என்று நினைத்தாலே சாப்பாடு இறங்காது.

அப்படி ஒரு காலையில் நல்லூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கரும்பைப் பார் பிடித்து, அதாவது வரிசையாக மண்ணை அணைத்து, நடுவதில் புது முறை கண்டிருக்கிறாராம். நடுகிற கரும்புத் துண்டில், ஒரு கரணைக்கும் அடுத்த கரணைக்கும் எவ்வளவு இடைவெளி, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து விட வேண்டும் என்று என் டிராயிங் பேப்பரிலேயே வரைந்து காட்டினார். நல்ல யோசனைதான், ஆனால் விவசாயம் செய்கிற முறைக்கு நம் சட்டத்தில் பேட்டன்ட் கிடையாது. எப்படிச் சொல்வது என்று தவித்தேன். சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டே, நடவு முறையை ஒருத்தர் பூட்டி வைத்துக்கொண்டால் மற்றவர்கள் பாடு என்ன ஆகும், அதனால்தான் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லை. எனக்குத்தான் ஏமாற்றமாக இருந்தது.

"எல்லாரும் சாப்புடணும்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கானா? அப்ப எழுதினவன் நல்லவன்தாம்மா. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றார்.

துபாய்ப் பூட்டு

மங்கலம்பேட்டை பாய் ஒருவர் எனக்குப் பழைய பழக்கம். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருந்தவர். அவருடைய குடோனுக்கு நான்தான் பிளான் போட்டேன். அவர் ஒரு நாள் ஷட்டர் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இதற்கு ஒரு பேட்டன்ட் போடு தங்கச்சி என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். துபாயில் கடைக்குக் கடை தொங்குகிறதாம், இந்தப் பக்கம் ஒருத்தரிடமும் இல்லையாம். அண்ணே, வெளிநாட்டில் வெளியே தெரிந்துவிட்டாலும் அது பழசுதான், அதுவும் போக நீங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, பார்த்தீர்கள் என்றேன். மனுஷர் சிரித்துவிட்டார். பார்க்கிறதுக்கும் ஒரு கண்ணு வேணாமா என்று கேட்டார்.

டீ வந்தது. பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன விஷயத்தில் நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருடமாக பியூஸ் கேரியரை வாங்கிப்போகிற எலக்ட்ரீஷியன்கள் எல்லாம், திருகாணி இறங்கவில்லை என்று பெட்டிக்கு நாலைந்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருவார்களாம். போன வாரம் வந்த லோடில் சில பெட்டிகளிலிருந்து ஒன்றுகூடத் திரும்பவில்லையாம். அந்த லோடு அஞ்சலையின் ஷெட்டிலிருந்து போனது. அவள் சீப்போடு முக்கி எடுத்தவற்றையும் முதலாளி மற்றதோடு சேர்த்து விற்றே விட்டிருக்கிறார். பீஸைப் பார்த்துச் சீப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். பாய் போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"அந்த ஷெட்டுல யாரோ கைகாரங்க சேர்ந்திருக்காங்க தங்கச்சி. யாருன்னு கொஞ்சம் விசாரிச்சி சொல்லு" என்றார்.

பூஜையில் ஒரு பொருள்

மறுநாளே எழுத உட்கார்ந்தேன். டிராயிங் முடிவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. ஷெட் முதலாளி தனபால் எனக்கும் அழைப்பு சொல்லியிருந்தார், அவருக்கு ஒரு அச்சுக்கு நான் டிராயிங் போட்டுக் கொடுத்திருந்ததால். நெடுநாள் உழைத்து முன்னுக்கு வந்த மனிதர், கணக்காகப் பேசுவார். போனேன். பிரஸ் மிஷினுக்கு மாலை, அச்சுகளுக்குச் சந்தனப் பொட்டு, பொரி, சுண்டல், வாசலில் பூசணிக்காய், அக்கம்பக்கத்து ஷெட்டு ஆட்கள் எல்லோரும் கூட்டமாக நிற்கிறார்கள். சாமி படத்துக்கு நேர் முன்னால், கதம்பப் பூ சுற்றி, குங்குமம் வைத்து, நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது சீப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பொரித் தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. யார் யார் பார்த்தார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன், முடியவில்லை. அஞ்சலையைக் களிமண் மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், அறிவிருக்கிறதா உனக்கு, இரண்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். திட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கம்பிகள் மொட்டையாக நின்றன. ரப்பர் இல்லை. டியூபெல்லாம் கிளேஸ் ஏறி இறுகிப்போயிருந்ததாம். பழசோடு சாமி முன்னால் வைக்கக் கூடாது என்று கழற்றிப் போட்டிருக்கிறாள், புதுசு வாங்கலாம் என்றால் சைக்கிள் கடையிலும் பூஜை. சூட்சுமம் அந்த ரப்பரில்தான் இருந்தது. வெறும் கம்பி வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்கு மூச்சு வந்தது, ஆனால் கோபம் போகவில்லை.

"நீங்க திட்டுங்கக்கா, பரவால்ல. என் கையக் காப்பாத்துன சாமான வருசத்துக்கு ஒரு நாளு கும்புடாம சாக்குல போட்டு வெக்க எனக்கு மனசு வரல" என்றாள்.

இடம் கொடுத்தவர்

அடுத்த நாள் மத்தியானம் தனபால் என் கடை வாசலில் வந்து நின்றார். பூஜையில் அந்தப் பொருளைப் பார்த்து என்ன ஏது என்று அஞ்சலையைக் கேட்டிருக்கிறார். முதலாளி கேட்டால் அவள் எப்படி மறைப்பாள்? காலையிலேயே புது டியூப் வாங்கி மாட்டி அவருக்கு முக்கிக் காட்டிவிட்டாள். அவர் ஒருத்தர் மட்டும்தான் பார்த்தார் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அவரோ, அதை என் பேர்ல பேட்டன்ட் போடுங்க மேடம் என்று உட்கார்ந்துவிட்டார். ஐந்து பெண்கள் செய்கிற வேலையை இனிமேல் ஒருத்தி செய்துவிடுவாள், தீபாவளி கழிந்ததும் மற்ற நாலு பேரையும் நிறுத்திவிடலாம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தார். அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் வாங்கினால் கை பம்பைக் கழற்றுவது மாதிரித்தான் சொன்னார்.

விண்ணப்பத்தில் உண்மையாக முதலில் கண்டுபிடித்தவர் பெயரை எழுத வேண்டும், அது அஞ்சலைதான், அவள் எழுதிக் கொடுத்தால் ஒழிய நீங்கள் மனுதாரராகக்கூட இருக்க முடியாது என்றேன். ஷெட் என்னுது, கிளேஸ் என்னுது, கரண்ட் என்னுது என்றார். சீப்பு அவள் வீட்டில் செய்தது, கம்பியும் அவளுடையது, விரலும் அவளுடையது என்றேன். வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை சென்னைக்கே போய் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறேன் என்று எழுந்தார். அன்றைக்கு வியாழக்கிழமை.

"அவதான் கண்டுபிடிச்சா, நான் இல்லன்னு சொல்லல. கண்டுபிடிக்கறதுக்கு இடம் குடுத்தது நான்தான மேடம்?" என்று படியிறங்கும்போது கேட்டார்.

கவுண்ட்டர்

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக நானும் அஞ்சலையும் சென்னை பஸ்ஸில் இருந்தோம். முதல் நாளே அவளை வரச் சொல்லி, தனபால் போட்ட கணக்கையும், பேட்டன்ட் இருந்தால் அவரைத் தடுக்கலாம் என்பதையும் சொல்லி, எல்லா ஃபாரத்திலும் கையெழுத்து வாங்கியிருந்தேன். மடியில் பழுப்புக் கவர், அதற்குள் தற்காலிக விண்ணப்பமும், ரப்பர் முனையோடு சீப்பின் படமும். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி டீக்கு நிறுத்தின டிரைவர் ஏற மனசில்லாமல் நின்றார். நான் இரண்டு தடவை இறங்கிப் போய்க் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். தாம்பரத்தில் வண்டி நகரவில்லை. கவுண்ட்டர் மூடிவிட்டால் சனி, ஞாயிறு, அப்புறம் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றாலே எனக்கு தனபால் முகம்தான் தெரிந்தது. அஞ்சலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். இவளுக்குப் பதற்றமே இல்லையா என்று அவள் மேலும் எரிச்சல் வந்தது.

ஒரு வழியாக ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்ட்டரில் இருந்தவர் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். நான் கை காட்டினேன். அவர் அஞ்சலையை ஒரு தரம் பார்த்தார். பணம் கட்டினோம், சீல் விழுந்தது, நம்பரும் தேதியும் போட்ட ரசீது வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சலை ரசீதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தேதி கெடச்சிடுச்சும்மா. இனிமே நீங்க தைரியமா நாலு பேருக்குக் காட்டலாம்" என்றார் அவர்.

தடுக்கிற உரிமை

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே நான் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். தொழிற்பேட்டையில் எத்தனை ஷெட், எத்தனை பேருக்கு அனுமதி கொடுக்கலாம், பாயை வைத்து யாரிடம் பேசலாம் என்று நான் ஓயாமல் பேசினேன். அவள் உம் கொட்டினாள்.

விஷயம் தெரிந்து தனபாலே மறுபடி கடைக்கு வந்தார். அஞ்சலையையும் வரச் சொல்லியிருந்தேன். இப்போது அவர் குரலே வேறு. சரி, உன் பேர்லயே இருக்கட்டும், எனக்கு அனுமதி எழுதிக் குடு என்று அவளையே நேராகக் கேட்டார். கொடுக்காவிட்டால் நான் செய்து முக்கினால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வெறும் விண்ணப்பத்தை வைத்து இன்றைக்கு உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பேட்டன்ட் கிடைக்க நாலைந்து வருடம் ஆகும், கிடைக்காமலும் போகலாம். கிடைத்துவிட்டால், அவள் விண்ணப்பத்தை அரசாங்கம் வெளியிட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்து உங்களிடம் நஷ்டஈடு கேட்கலாம். பேட்டன்ட் என்பது அடுத்தவர் அனுமதியில்லாமல் செய்வதைத் தடுக்கிற உரிமை, அவ்வளவுதான் என்றேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு அஞ்சலையைப் பார்த்தார். அவள், யாருக்கும் குடுக்கறதா இல்லைங்க என்றாள். அவர், எனக்கு எதுக்கு வம்பு, பழையபடியே குத்துங்க என்று எழுந்து போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் கத்தினேன். பைத்தியமா உனக்கு, யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளவா இந்த ஓட்டம் ஓடினேன், நீயே நாளை முதல் போய்க் கம்பியால் குத்தப்போகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பேட்டன்ட் கிடைத்த பிறகும் சும்மா பூட்டி வைக்க முடியாதடி, மூன்று வருடம் உபயோகிக்காமல் விட்டால் வேறு ஒருத்தர் அரசாங்கத்திடம் போய் அனுமதி கேட்கலாம் என்று சட்டத்தைச் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். கிடைக்க நாலைந்து வருடம், அதற்கு மேல் மூன்று வருடம். அவள் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாக ஒரு தெளிவைப் பார்த்தேன்.

"அது போதுங்கக்கா. அந்த நாலு பேருல ரெண்டு பேரு நெலத்த நெலக்கரிச் சொரங்கத்துக்கு எடுத்துக்கிட்டதால ஷெட்டுக்கு வந்தவங்க, ஒருத்திக்குப் புருசன் இல்ல, இன்னொருத்தி என் நாத்தனாரு. தடுக்கலாம்னு நீங்க சொன்னீங்களே, நான் அதுக்குத்தான் உங்க பின்னாலயே பஸ் ஏறினேன்" என்றாள்.

அடுத்த வருடம் கெடுவுக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து, கம்பி பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் முழு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டாள். பேட்டன்ட் என்றால் என்ன என்பதை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான், எழுதிக் கொடுத்த எனக்கே அது அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது.